பக்கோடாவைப் பிடிக்கது எப்பிடி

ஜூன் 9, ஞாயிறு

நம்ம வீட்டுக்கு நாலு ஃபின்ச் வந்துட்டு!!! கூடவே மதினியும் வந்துட்டாவ.

வரிசையா எழுதுதேன். போன மாசம் அண்ணன் கல்யாணம். மாலை வாடுததுக்குள்ள கப்பல்ல கூப்பிட்டுட்டாங்க, ஏறிட்டான். மதினி அவிய அம்மா வீட்டுக்கு கோவில்பட்டிக்குப் போயிருந்தாவ. இன்னைக்கு கோயில் முடிஞ்சு வந்து நானும் அம்மாவும் இட்லி தின்னுட்டு இருக்கோம், வாசல்ல ஆட்டோ. ஒரு சூட்கேஸ், ஒரு பை, மடியில கூண்டு. கூண்டு மேல சிவப்புத் துணி.

அம்மா கூண்டத்தான் முதல்ல பாத்தா.

"இது என்னது, சிட்டா?"

"ஃபின்ச் அத்தை. வீட்டுல பாக்க ஆளில்ல. பாத்துக்கிட்ட தம்பி ஹாஸ்டலுக்குப் போயிட்டான்."

"அது சரி. பீயெல்லாம் ஹால்லயா போடும்?"

மதினி தலையக் குனிஞ்சுட்டாவ. அதுக்குள்ள நான் கூண்ட வாங்கி ஹால்ல டிவிக்குப் பக்கத்துல வச்சுட்டேன். வச்ச பொருள எடுக்கச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம், எனக்குத் தெரியும்.

ஜீப்ரா ஃபின்ச்! நிஜமா! ரெண்டு வருசமா போன்ல மட்டும் பாத்தது. பிரேசில்ல ஒரு அக்கா சேனல் வச்சிருக்கா. அவ பேசுதது ஒரு வார்த்த புரியாது, சப்டைட்டிலும் கெடையாது. நான் அவ கைய மட்டும்தான் பாப்பேன். பூவப் பறிக்க மாதிரி குருவிய எடுப்பா. எல்லா வீடியோவுக்கும் ஹார்ட்டு போட்டிருக்கேன். ஒருநாள் அவ எனக்கு ஒரு ஹார்ட்டு திருப்பிப் போட்டா, அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பரா வச்சிருந்தேன்.

குருவிகளுக்கு பேரு இல்லயாம். நான் வச்சுட்டேன். ஆம்பளைங்க மிக்சர், ரிப்பன். பொம்பளைங்க சேவு, பக்கோடா. பக்கோடாதான் குண்டு.

மதினி லேசா சிரிச்சாவ. பல்லு தெரியல, ஆனா சிரிப்புதான்.

ஜூன் 10, திங்கள்

மதினி குளிக்கப் போனா ரொம்ப நேரம் தண்ணி ஓடுது. டேங்க் காலி. நான் போய் மோட்டார் போட்டேன். வெளிய வந்தப்போ கண்ணு செவந்திருந்துச்சு. ஷாம்பூ பட்டுட்டாம். ஷாம்பூ தீந்துட்டுன்னு அம்மா நேத்துதான சொன்னா? சரி, சோப்பா இருக்கும்.

ஜூன் 12, புதன்

எங்க வீட்டு குடும்ப ஜெபம் பத்தி மதினிக்கு யாரும் முன்கூட்டியே சொல்லல போல. பாவம்.

சாயங்காலம் ஏழு மணி ஆனா அம்மா டியூப்லைட்ட அமத்திட்டு நீல ஜீரோ வாட்ஸ் பல்ப போடுவா. வெளிச்சம் இருந்தா நான் போன நோண்டுவேனாம். அப்புறம் கண்ண மூடி ஆரம்பிப்பா. அப்பாவுல ஆரம்பிச்சு (தூத்துக்குடில வேல, மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாவ), அண்ணன் கப்பல், கப்பல்ல இருக்க சமையல்காரர், கடல்ல இருக்க எல்லா கப்பலும், தெருவுல இருக்க எல்லா வீடும், கலெக்டர், எஸ்.பி., பால்காரர் மாடு வரைக்கும் போகும். ராகமா, மெதுவா, நிறுத்தாம. எனக்கு கால் மரத்துரும்.

ஆனா இன்னைக்கு நான் கண்ணத் திறந்து பாத்தேன் (எப்பவும் திறப்பேன்). நாலு குருவியும் மேல் குச்சில ஒட்டி உக்காந்திருக்கு. ஒரு கீச்சு இல்ல. பகல் பூரா பொம்ம ஹார்ன் மாதிரி மீப் மீப்னு கத்துததுக அம்மா குரலுக்கு அப்பிடியே அடங்கிட்டு.

மதினியும் கண்ணத் திறந்து அதத்தான் பாத்துட்டு இருந்தாவ. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். ரெண்டு பேரும் டக்குனு மூடிக்கிட்டோம்.

ஜூன் 13, வியாழன்

கூண்டு கழுவும்போது கேட்டேன். "நீங்க ஏன் மதினி ஒண்ணக்கூட கைல எடுக்க மாட்டிக்கிய?"

தட்டத் தேச்சுக்கிட்டே சொன்னாவ. முன்னாடி அஞ்சு இருந்துச்சாம். ஒண்ணுக்கு நகம் நீண்டுட்டுன்னு மாமா ஒருத்தர் பிடிக்க வந்தாராம். பகல்ல, துண்ட வச்சு, ரூம் பூரா விரட்டிருக்காரு. கடைசில பிடிச்சுட்டாரு. "இந்தா பிடி"ன்னு குடுத்தாராம். மதினி கைல வாங்கும்போதே தலை சாஞ்சுட்டாம்.

"அடிபடவே இல்ல ஹெப்சி. பயத்துலயே போயிட்டு."

நான் உடனே எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொட்டிட்டேன். மதினி, இதுகளுக்கு நம்மள மாதிரி நெஞ்சுக்கூட்டுக்குள்ள மூச்சு இழுக்க தனி தசை கெடையாது, நெஞ்சு பூரா ஏறி இறங்குனாத்தான் மூச்சு, அதான் நெஞ்ச அமுக்கவே கூடாது, விரட்டக் கூடாது, வாயத் திறந்து இளைச்சா விட்டுறணும், இருட்டுல பறக்காதுக, ஃபேன அமத்தணும், கண்ணாடிய மூடணும்னு மூச்சு விடாம சொன்னேன். பிரேசில் அக்கா கைய வேற செஞ்சு காட்டுனேன்.

"எல்லாம் தெரியுமா உனக்கு? எத்தன பிடிச்சிருக்க?"

"ஒண்ணுகூட இல்ல மதினி."

மதினிக்கு சிரிப்பு வந்துட்டு. இந்தத் தடவ பல்லு தெரிஞ்சுச்சு. "நீங்க வாங்கன்னு சொல்லாத ஹெப்சி. நீன்னே சொல்லு"ன்னு சொன்னா.

பாத்தீங்களா, நானும் 'சொன்னாவ' போய் 'சொன்னா'ன்னு எழுதிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கூடு கட்டுதுக! சின்ன மூங்கில் கூடைய தொங்க விட்டு, தேங்கா நார நல்லா பிச்சு போட்டிருந்தேன். காலேல போட்டது கொஞ்சம். மத்தியானம் பாத்தா கூடு மெத்து மெத்துன்னு இருக்கு, நான் போட்டத விட ஜாஸ்தி. குட்டிங்க கெட்டிக்காரத்தனமா எங்கயோ இருந்து இழுத்திருக்கு.

அம்மா கூண்டு பக்கத்துல நின்னுட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டா "டிவில தூசி தட்டுதேன்"ங்கா. கைல துணி இல்ல.

ஜூன் 16, ஞாயிறு

கோயில் முடிஞ்சு வந்து பாத்தா பக்கோடா ஒத்தக் கால்ல நிக்கி. முதல்ல தூங்குதுன்னு நெனச்சேன். பக்கத்துல போனா தத்தி தத்தி போகுது, வலது கால் கீழ படல. போன்ல ஜூம் பண்ணி போட்டோ எடுத்தேன். கணுக்கால்ல வெள்ள நூல். சுத்தி சுத்தி இறுகிருக்கு. அதுக்குக் கீழ பாதம் வீங்கி, கலரு மாறிருக்கு.

 குருவி வளக்கவங்க குரூப்ல உடனே போட்டோ போட்டேன். நூல சீக்கிரம் எடுக்கலன்னா கால் போயிரும், கால் போனா குருவியும் போகலாம்னு நெறைய பேரு ஒரே மாதிரி சொல்லுதாங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு மதினி போன் போட்டா. நல்ல மனுசர். ஆனா "இவ்வளவு சின்னதுல நமக்குக் கை பழக்கமில்லம்மா. நீங்க பிடிச்சுக் கொண்டாந்தீங்கன்னா பாக்கலாம்"ன்னாரு.

பிடிச்சு! அதுதான பிரச்சினையே!

"நான் நாரு மட்டும்தான போட்டேன்? வெள்ள நூல் எங்க இருந்து வந்துச்சு?"ன்னு சத்தமா கேட்டேன். அம்மா அங்ஙன உக்காந்து பிச்சிப்பூ கட்டிட்டு இருந்தா. நூல் அவ விரல்ல அப்பிடியே நின்னுட்டு.

மதினி அம்மா கையப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்து வேகமா சொன்னா: "கூண்டு மேல போட்ட துணில இருந்து பிரிஞ்சிருக்கும். பழைய துணி."

அந்தத் துணி சிவப்பு.

 அம்மா பாதி கட்டுன பூவ அப்பிடியே வச்சுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அம்மா பூவ பாதில விட்டு நான் பாத்ததே இல்ல.

ஜூன் 17, திங்கள்

சொதப்பல். மகா சொதப்பல்.

காலேல, வெயிலுக்கு முன்னாடியே பிடிச்சுருவோம்னு நான்தான் சொன்னேன். ஃபேன அமத்தி, ஜன்னல அடச்சு, கண்ணாடி மேல போர்வ போட்டு எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஆனா கைய உள்ள விட்டதும் நாலும் கூண்டுக்குள்ள தெறிக்கி. தண்ணி கவுந்துட்டு. தினை பூரா பறக்கு. நான் இங்க போனா பக்கோடா அங்க போகுது. வீடியோல அந்த அக்காவுக்கு ஒரு நொடிதான் ஆகும். எனக்கு ஒரு யுகம் ஆகுது.

பக்கோடா வாயத் திறந்து இளைக்க ஆரம்பிச்சுட்டு. எனக்கு அது தெரியுது, ஆனா இன்னும் ஒரே ஒரு தடவன்னு கை போகுது.

"போதும் ஹெப்சி. கைய எடு."

மதினி சத்தமாச் சொல்லல. ஆனா மூஞ்சில ரத்தமே இல்ல. கைய எடுத்துட்டேன். துணியப் போட்டு மூடிட்டு ரெண்டு பேரும் தரையில உக்காந்துட்டோம். தினை மேலயே உக்காந்துட்டோம். அரை மணி கழிச்சு மெதுவா ஒரு மீப் கேட்டுச்சு. மதினி என் தோள்ல சாஞ்சு அழுதுட்டா. பக்கோடாவுக்கு மட்டும் இல்லன்னு நினைக்கேன். அண்ணன் பேரு ஒரு தடவ வந்துச்சு, அவ அம்மா பேரு ரெண்டு தடவ வந்துச்சு. நான் தலையத் தடவிக்கிட்டே இருந்தேன். நல்ல முடி அவளுக்கு.

எந்திரிச்சுப் பாத்தா அம்மா அடுக்களை வாசல்ல நிக்கா. எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. "தின்னுட்டு அழுங்கட்டி ரெண்டு பேரும்"னு சொல்லிட்டு ஒரு தட்டுல பணியாரம் வச்சுட்டுப் போனா.

பணியாரத்தப் பாத்ததும் எனக்கு ஐடியா. சுடச்சுட, மெத்துன்னு, அழுத்துனா குழி விழுது. குருவி சைஸு! ரெண்டு விரலுக்கு நடுவுல கழுத்து வர மாதிரி, முதுகு உள்ளங்கைல, மத்த விரலு சும்மா கூடு மாதிரி. குழி விழாம எடுக்கணும். பழகுனேன். பழகுனேன். மதினியும் பழகுனா.

அம்மா எட்டிப் பாத்தா. "ஏட்டி, திங்கப் போறியா, தாலாட்டப் போறியா?"

ஜூன் 18, செவ்வாய்

இன்னைக்கு பிடிக்கல. வேணும்னே பிடிக்கல. நேத்து பயந்ததுக்கு ஒரு நாளாவது விடணும்னு மதினி சொன்னா. கால் வேற இன்னும் கருத்திருக்கு. ஆனா அவ சொன்னது சரி.

சாயங்காலம் ஜெபத்துல மதினி என் காதுல, "இப்பப் பாரு"ன்னா. நீல வெளிச்சம். நாலும் மேல் குச்சில. பக்கோடா எப்பவும் கடைசி, கதவுக்குப் பக்கம். அம்மா சத்தம் போயிட்டே இருக்கு. ஒண்ணும் அசையல.

எனக்கு பொறி தட்டிட்டு. பிரேசில் அக்கா வீட்டுலயும் பிடிக்கும்போது நீல லைட்டுதான எரியும்! நான் அது அழகுக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்! நீல வெளிச்சத்துல அதுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நமக்குத் தெரியும். ரெண்டு வருசமா அவ கையவே பாத்தேன், லைட்டப் பாக்கல.

ஜெபம் முடிஞ்சதும் அம்மாகிட்ட போனோம். நான் ஆரம்பிச்சேன், வாய் வரல. மதினிதான் கேட்டா. வந்து இத்தன நாள்ல அம்மாகிட்ட அவளா ஒண்ணு கேக்கது இதுதான் முதல் தடவ.

"அத்தை, நாளைக்கு நீங்க ஜெபம் பண்ணும்போது நாங்க பக்கோடாவ பிடிக்கட்டா? உங்க சத்தம் அதுகளுக்குப் பழகிட்டு. நீங்க நிறுத்தாமப் பண்ணணும், அவ்வளவுதான்."

அம்மா திட்டுவான்னு நெனச்சேன். ஜெப நேரத்துல போன் அடிச்சாலே பேயாடுவா. அம்மா மதினியப் பாத்தா.

"எவ்வளவு நேரம் பண்ணணும்?"ன்னா.

"முடியிற வரைக்கும் அத்தை."

"அது எனக்குக் கஷ்டமா என்ன?"

ஜூன் 19, புதன்

எல்லாத்தையும் முதல்லயே எடுத்து வச்சோம். மதினி கல்யாண மேக்கப் செட்டுல இருந்த புருவம் வெட்டுத குட்டிக் கத்திரி, நல்லா கொதிக்க வச்சது. பஞ்சு. ரத்தம் வந்தா வைக்க சோள மாவு. காத்துக்கு ஓட்ட போட்ட அட்டப்பெட்டி, உள்ள மெத்துன்னு துணி. மதியமே ஊஞ்சல், கீழ்க்குச்சி எல்லாத்தையும் மெதுவா எடுத்துட்டோம், மேல் குச்சி மட்டும். ஃபேன் அமத்தியாச்சு. ஜன்னல் அடச்சாச்சு.

ஏழு மணி. டியூப்லைட் போச்சு. நீலம் வந்துச்சு. அம்மா ஆரம்பிச்சா.

அப்பா. அண்ணன். கப்பல். நான் கூண்டுக்கு முன்னால முட்டி போட்டேன். எல்லா கப்பலும் வரட்டும்னு மதினி கண்ண காட்டுனா. தெருவுக்கு வந்ததும் கதவத் திறந்தேன். கைய உள்ள விட்டு சும்மா வச்சிருந்தேன். ஒரு இறக்க அசஞ்சுச்சு. நிறுத்திட்டேன். அம்மா சத்தம் அதே ராகத்துல, அதே வேகத்துல.

"கலெக்டரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே, அவருக்கு நல்ல புத்திய தாரும், இந்தப் பிள்ளையும் கூண்டுக் கதவ இவ்வளவு அகலத் திறக்கக் கூடாது ஆண்டவரே, இன்னொரு கையால மறச்சுக்கிடணும் கர்த்தாவே..."

எனக்கு சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. மதினி என் தொடையக் கிள்ளுனா. இன்னொரு கையால கதவ மறச்சேன்.

மேல. மெதுவா. பக்கோடா முதுகுக்குப் பின்னால. அப்புறம் மெதுவா இல்ல, ஒரே எடுப்பு.

கைல இருக்கு.

அய்யோ கைல இருக்கு!! ஒண்ணுமே கனமில்ல. ஒரு கைப்பிடி சூடு. இதயம் என் உள்ளங்கைல ஓடுது, தனித்தனியா எண்ண முடியாத அளவுக்கு. கத்தல. துள்ளல. நான் விரல இன்னும் தளத்துனேன். மத்த மூணும் குச்சிய விட்டு எந்திரிக்கவே இல்ல.

கதவ மூடிட்டு, கைய மடியில வச்சு, இன்னொரு கையால பக்கோடா கால மட்டும் வெளிய நீட்டுனேன். மதினி கத்திரிய எடுத்தா. கை நடுங்குது அவளுக்கு. பாத்தேன். வேண்டாம்னு தலைய ஆட்டுனா. கத்திரிய என்கிட்ட நீட்டுனா, ஆனா எனக்கு ஏது மூணாவது கை?

அம்மா பால்காரர் மாட்டுக்கு வந்துட்டா. அதுக்கு அப்புறம் எப்பவும் ஆமென்தான். நான் அம்மாவப் பாத்தேன். கண்ணத் திறந்துதான் இருந்தா. மதினியத்தான் பாத்துட்டு இருந்தா.

"இன்னும் கேளும் ஆண்டவரே"ன்னா. "எங்க வீட்டுக்கு வந்த பிள்ள கிரேஸ்லின். தாயி தகப்பன விட்டு வந்திருக்கா. புருசனும் பக்கத்துல இல்ல. அவளுக்கு இது புது வீடு. நான் பேசத் தெரியாதவ ஆண்டவரே, எனக்கு உம்மகிட்ட மட்டும்தான் பேசத் தெரியும். அவ கைய நீர் பிடிச்சுக்கிடும். நடுங்காம பிடிச்சுக்கிடும். கெட்டது பண்ணணும்னு யாரும் பண்ணல ஆண்டவரே. தெரியாமப் பண்ணதுதான். அந்தக் குருவிக்குக் கால குடுத்துரும்."

மதினி கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா கை நின்னுட்டு.

கத்திரி நுனிய நூலுக்கு அடியில விட்டா. ஒண்ணு. இன்னொரு சுத்து. இன்னொண்ணு. பக்கோடா ஒரு தடவ கால இழுத்துச்சு, நான் மூச்ச பிடிச்சுட்டேன். கடைசி இழை வந்துட்டு. ஒரு சொட்டு ரத்தம், மாவு வச்சோம், நின்னுட்டு. பெட்டிக்குள்ள விட்டு மூடுனோம்.

ஆமென்னு மூணு பேரும் ஒண்ணாச் சொன்னோம். நான் இவ்வளவு சத்தமா எப்பவும் சொன்னதில்ல.

லைட்ட போட்டதும் அம்மா கேட்டா, "அந்த நூல் எங்க?"

மதினி அத பஞ்சுக்குள்ள சுருட்டி கைக்குள்ள வச்சிருந்தா. "போட்டாச்சு அத்தை"ன்னா.

ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. நடுத்துண்டு அண்ணனுக்குத்தான் எப்பவும். அவன் இல்லன்னா அப்பாவுக்கு. அப்பாவும் இல்லன்னா அம்மா எடுத்து வைப்பா. இன்னைக்கு மதினி தட்டுல விழுந்துச்சு.

எனக்கு வால்!! நான்தான பிடிச்சேன்!

ஜூன் 20, வியாழன்

உயிரோட இருக்கு.

ஜூன் 21, வெள்ளி

தினை தின்னுது. பெட்டிக்குள்ள இருந்தே வெளிய கேக்க மாதிரி மீப்னு கத்துது, ரிப்பன் கூண்டுக்குள்ள இருந்து பதில் கத்துது. ஒரு விரல் நுனி கருத்துத்தான் இருக்கு, அது விழுந்துரும்னு டாக்டர் போட்டோ பாத்துட்டு சொன்னாரு. "ஆனா பாதம் தப்பிச்சுட்டும்மா. யாரு பிடிச்சது?"ன்னாரு. நான் போன வாங்கி "மூணு பேரு டாக்டர்"னேன்.

அம்மா புதுசா நாரு பிச்சுப் போட்டிருக்கா. குட்டிக் குட்டியா வெட்டி, விரல் நீளத்துக்கு மேல ஒண்ணுமில்லாம. "நீளமா இருந்தா சுத்திரும்லா"ன்னு எனக்கே சொல்லித் தாரா. ஆமாம்மான்னு கேட்டுக்கிட்டேன்.

மதினி குளிக்கப் போனா. சீக்கிரம் வந்துட்டா. டேங்க்ல தண்ணி இருக்கு.

ஜூன் 23, ஞாயிறு

பக்கோடாவ கூண்டுல விட்டோம். ரெண்டு கால்லயும் குச்சியப் பிடிச்சு நிக்கி. ஒரு பக்கம் லேசா சாஞ்சு, ஆனா ரெண்டு கால்.

மத்தியானம் அண்ணன் போன் பண்ணான். எங்கயோ துறைமுகத்துல நெட்டு கெடச்சிருக்கு. மதினி போன ஸ்பீக்கர்ல போட்டா. மூணு பேரும் ஒரே நேரத்துல கத்துனோம். நூல், கால், நீல லைட்டு, பணியாரம்.

அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. "ஏய், யாருக்குக் கால் போச்சு? யாரு பக்கோடா?"

"எல, மெதுவாக் கேளு"ன்னு அம்மா போன வாங்கிட்டா. "பக்கோடா நம்ம வீட்டுப் பொண்ணு. நான் சொல்லுதேன்."

ஆரம்பத்துல இருந்து ஆரம்பிச்சா. மதினி ஆட்டோவுல வந்து இறங்குனதுல இருந்து. மடியில கூண்டு வச்சிருந்தது எவ்வளவு அழகா இருந்துச்சுன்னு சொன்னா. அன்னைக்கு நானும் அங்ஙனதான் இருந்தேன், அம்மா மூஞ்சில அப்பிடி ஒண்ணும் தெரியல. கிரேஸ்லின் கைல கத்திரி பிடிச்சா பாரு, ஒரு நடுக்கம் கெடையாது, டாக்டரு மாதிரின்னா. கலெக்டருக்கு வரும்போது நான் போனப் பாத்தேன். கட் ஆகி எவ்வளவோ நேரம் ஆயிட்டு. ஸ்கிரீன் கருப்பா கெடக்கு.

மதினியும் பாத்துட்டா. என் கையப் பிடிச்சு, சொல்லாதன்னு கண்ண காட்டுனா. தாடையில கைய ஊனிக்கிட்டு அம்மாகிட்ட இன்னும் நகந்து உக்காந்தா.

"அப்புறம் என்னாச்சு அத்தை?"ன்னா.